டப்பாவுக்குள் ஒரு முத்துச்சரம்

மார்ச் 3, செவ்வாய்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் மடிக்கணினியைத் திறந்தேன். சோதனை ஓட்டம் பாதிதான் ஆகியிருக்கிறது. திங்களன்று முடியுமாம்.

மூன்று மாத விடுப்புக்குப் பிறகு நேற்றுதான் வேலைக்குப் போனேன். அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். “நீ அம்மாவப் பாரு, டப்பாவ நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி அனுப்பியவள் குருவி. வானியல் துறையில் பதினாலு வருடமாகப் பக்கத்து மேஜைத் தோழி.

டப்பா, கணினிக்குள் நான் இரண்டு வருடம் கட்டிய அண்டம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு நூறு கோடித் துகள்கள். அவற்றை இழுக்க ஈர்ப்பு விசை. துகள்கள் இழை இழையாகச் சேர்கின்றன. இழை நெடுக முத்துக் கோத்தது போலச் சிறு கட்டிகள். அழகுதான். ஆனால் ஏன் இவ்வளவு சீரான இடைவெளி? போன வாரம் வீட்டிலிருந்தே தொடங்கி, ஒரு மூலையை மட்டும் எட்டு மடங்கு துகள்களோடு திரும்ப ஓட்டுகிறேன். முத்துகள் நெருங்கி வந்துவிட்டால் அவை பொய். துகள் போதாமல் கணக்கு செய்த கோளாறு.

குருவியிடம் இன்னும் சொல்லவில்லை. உறுதியாகட்டும்.

மார்ச் 6, வெள்ளி

துறைத்தலைவர் குருவிக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். மடச்சி.

ஆய்விதழில் அவள் கட்டுரை வெளிவந்துவிட்டது. என் டப்பா, என் படங்கள், முத்துச்சரம்தான் முக்கியக் கண்டுபிடிப்பு. எழுதியவர் குருவி. கடைசிப் பக்கத்தில் நான் இருக்கிறேன்: கணினி உதவிக்கு நன்றி.

கணினி உதவி!

படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். அவள் கண்கூடத் தாழவில்லை. “கோச்சுக்காதடி. நீ லீவுல இருந்த. யாராவது முடிக்கணும்ல? அடுத்ததுல உன் பேரத்தான் முதல்ல போடுவேன்.”

அம்மாவின் அறுவை சிகிச்சையன்று ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாளே, அப்போதே எழுதிக்கொண்டிருந்தாளா? அந்தச் சாப்பாட்டை நான் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி... போதும்.

மார்ச் 7

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஓட்டம் முடிந்தது. இடைவெளி சரிபாதி.

முத்துகள் பொய். அவள் திருடியது என் பிழையை.

கணவரிடம் சொன்னேன். “பேசாம இரு. எடுத்தவங்களே சுமக்கட்டும்” என்றார். சிரிப்பு வந்தது. வெகுநேரம் சிரித்தேன். பிறகு கண் எரிந்தது.

மார்ச் 11, புதன்

எதுவுமே நடக்காதது போலக் குருவி என் மேஜையில் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். ஆறி ஏடு கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிக்கவில்லை.

மதியம் வேறொரு ஊரிலிருந்து ஒரு ஆய்வு மாணவி எழுதியிருந்தாள். ‘கணினி உதவி’ என்று என் பெயரைப் பார்த்தாளாம். அந்த முத்துகளைத் தேடுவதையே தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். டப்பா கிடைக்குமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாள்.

பேசாமல் இருந்தால் இவளுக்கு நாலு வருடம் போகும். இவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

மார்ச் 12, வியாழன்

இதழாசிரியருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். குருவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. துகள்களின் எண்ணிக்கையை நான்தான் தீர்மானித்தேன், அது போதவில்லை, பிழை என்னுடையது. அவ்வளவுதான். கூடவே இரண்டு வருடக் கோப்புகள், தேதியோடு.

டப்பாவுக்கு என் பெயர் கிடைக்கவில்லை. அதன் பிழைக்குக் கிடைக்கட்டும்.

நாளைக் காலை அனுப்பிவிடுவேன். கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.