பாலத்துப் பலகைகள்

பத்ருலெஷ்ட்
மார்ச் 19, புதன்கிழமை

மதிப்பிற்குரிய ருக்சாந்த்ரா அக்காவுக்கு,

சவேத்தா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் ஒடீலியா டீச்சர் தங்கியிருப்பது எங்கள் வீட்டு மாடி அறையில்தான். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சோளக் களியும் பாலாடைக்கட்டியும் வேளைக்குக் கொடுக்கிறேன். பாதியை அப்படியே வைத்துவிடுகிறாள்.

ஐந்து வாரமாக அவளிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று தவித்திருப்பீர்கள். அவள் நான்கு கடிதம் எழுதினாள். நீங்கள் எழுதிய மூன்றும் இங்கே வந்து சேர்ந்தன. ஏழும் வீட்டில் தொங்கும் என் கணவர் கிளிகோரின் கோட்டுப் பையில் இருக்கின்றன. அவர்தான் இந்த ஊர்த் தலைவர். எழுதவே கூசுகிறது, அக்கா.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே பன்னிரண்டு பிள்ளைகள். நான்கு வருடத்தில் மூன்று டீச்சர்கள் வந்தார்கள், மூன்று பேரும் ஓடிப்போனார்கள். அப்புறம் அரசாங்கம் ஒதுக்குப்புற ஊர்களில் வேலை செய்யும் டீச்சர்களுக்குச் சம்பளத்தோடு தனிப்படி என்று அறிவித்தது. வண்டி போக முடியாத ஊருக்குத்தான் முழுப் படி. உங்கள் மகள் வந்தாள். என் கடைக்குட்டி அனூட்சா அவளிடம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். இலையுதிர் காலத்தில் ஒரு அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. ஆற்றுப் பாலத்தில் வண்டி வரும் என்று அவர் எழுதிவிட்டால் படி பாதியாகிவிடும். கிளிகோர் ஆட்களைக் கூட்டி, "பலகையக் கழட்டி வைங்கடா. பாலம் இருந்தா படி போச்சு, படி போனா டீச்சரும் போயிடும்" என்றார். ராத்திரிக்குள் கழற்றிவிட்டார்கள். பலகைகள் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கின்றன. அதிகாரி காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். நான்தான் அவருக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

குளிரில் ஆறு உறைந்திருந்தது, எல்லோரும் அதன்மேல் நடந்தோம். பிப்ரவரியில் பனிக்கட்டி உடைந்தது. இப்போது தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஓடுகிறது. பாலம் இருந்த இடத்தில் கரையிலிருந்து கரைக்கு இரண்டு ஒடுங்கிய உத்திரங்கள் மட்டும் கிடக்கின்றன. போன் சிக்னல் கிடைக்கும் மேய்ச்சல் மேட்டில் இன்னும் இடுப்பளவு பனி. ரொட்டியும் தபாலும் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கும் கூடையில் வருகின்றன. கூடையை இழுப்பவர் கிளிகோர்.

டீச்சர் தினமும் கேட்கிறாள், பலகையை எப்போது போடுவீர்கள் என்று. "பேப்பர் வரட்டும்மா" என்கிறார் இவர். முழுப் படி உறுதி என்று பேப்பர் வந்து பதினைந்து நாளாகிறது. நான் மல்லுக்கு நின்றேன். "அவ மாற்றல் கேக்கப் போறதா அம்மாவுக்கு எழுதியிருக்கா. பலகைய நாமதான் கழட்டினோம்னும் எழுதியிருக்கா. போட்டா முதல்ல தாண்டிப் போறது அவதான், உனக்குப் புரியலயா?" என்று சீறினார். அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார். அப்போதும் வாயை மூடிக்கொண்டேன். அனூட்சாவின் படிப்பை நினைத்துத்தான் மூடிக்கொண்டேன். அது என் பாவம்.

உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவள் நினைக்கிறாள். நேற்று சாப்பிடும்போது, "சனிக்கிழமை ஊருக்குப் போறேன், அக்கா" என்றாள். எப்படிப் போவாய் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்புறம் அனூட்சா என்னிடம் சொன்னாள்: "அம்மா, டீச்சர் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கிடக்கிற மரத்து மேல கையை விரிச்சு நடக்கிறாங்க. இப்ப விழறதே இல்ல." அந்த மரம் பாலத்து உத்திரத்தின் அகலம்தான், அக்கா.

இந்த வாரம் அக்கரையில் ரொட்டி வண்டி ஓட்டுபவர் புதியவர், கிளிகோரின் ஆள் இல்லை. கிளிகோர் காட்டுக்குப் போயிருக்கிறார். கூடையில் திரும்பிப் போகும் காலி ரொட்டிச் சாக்கில் இதை வைத்து அனுப்புகிறேன். நாளை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். கிடைத்ததும் ஆட்களுடன் வாருங்கள். போலீசிடமும் சொல்லுங்கள், என் கணவர் பெயரையும் சொல்லுங்கள். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஆள் கனம். தனியாக மூன்றை வைக்கோலிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் பத்தொன்பது இருக்கிறது.

உங்கள் கடிதங்களை இன்றைக்கே அவள் கையில் கொடுத்துவிடலாம்தான். கடைசிக் கடிதத்தில் நீங்கள் ஆபரேஷன் என்று எழுதியதை நானும் படித்துவிட்டேன். அதை அவள் படித்தால், சனிக்கிழமை வரை காத்திருக்க மாட்டாள். அந்தப் பயத்தில்தான் கொடுக்கவில்லை.

இன்று காலை அவள் பூட்ஸை எடுத்து ஒளித்துவைத்தேன். அவள் தேடவே இல்லை. வெறுங்காலுடன்தான் பள்ளிக்கூடம் போனாள். வெறுங்கால் வழுக்காதாம், அனூட்சா சொல்கிறாள்.

மாதா உங்களுக்கு நடக்கும் தெம்பைக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள், அக்கா.

மன்னிப்பு கேட்கத் தகுதியில்லாத
சவேத்தா