பூதத்தின் வீட்டுப் பாத்திரங்கள்

மே 4, திங்கள்

கத்திரி வெயில் ஆரம்பம். காலையிலேயே மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. ஆய்வேட்டில் நாலாம் அத்தியாயம் தொடவே இல்லை. நெறியாளர் போன். எடுக்கவில்லை.

வாங்க: சார்ட் அட்டை, கறுப்பு பெயிண்ட், கோந்து, யாழினிக்குச் செருப்பு.

நூலகத்தில் விடுமுறை நாடகம், 17ஆம் தேதி. இன்று முதல் ஒத்திகை. கதை என் ஆய்விலிருந்து எடுத்ததுதான். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வந்த ஒரு பத்திரிகையில் கிடைத்தது. அப்போது அங்கே சோசலிஸ்டுகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்து, பாட்டும் கதையும் கார்ட்டூனுமாய்ப் பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கதை சின்னது. பூதத்தின் வீட்டில் அடுப்பும் குண்டாவும் கரண்டியும் ஓயாமல் வேகின்றன. ஒரு நாள், இனிச் சூடாக மாட்டோம் என்று உட்கார்ந்துவிடுகின்றன. பூதம் கத்துகிறது, பட்டினி கிடக்கிறது, கடைசியில் இறங்கி வந்து தானே விறகு உடைக்கிறது. எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பாடு.

என் மகள் யாழினி பூதம். என் வீட்டுக்காரர் சிவா நடத்துகிற இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் மணலில் அச்சுப் பிடிக்கிற முருகேசனின் மகள் பவித்ரா பெரிய குண்டா. கணீர்க் குரல். அவள் பேசியதும் கரண்டிப் பிள்ளை தன் வசனத்தையே மறந்துவிட்டது.

மே 6, புதன்

அனல் காற்று. வீட்டுக்காரர் மத்தியானமே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றாமல் சோபாவில்.

பவுண்டரியில் யாரும் உள்ளே போகவில்லையாம். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்களாம். நேற்று உலைக்குப் பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

"ஏனுங்க, இப்ப அவரு எப்படி இருக்கறாரு?"

"குளுக்கோஸ் ஏத்துனாங்க. ஊட்டுக்குப் போயாச்சு. வெயில் காலத்துல பவுண்டரி ஊட்டியாட்டவா இருக்கும்?"

ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். சிவாவுக்கும் முதுகெல்லாம் வேர்க்குரு. பவுடர் போட்டுவிட்டேன்.

ஆய்வேட்டில் நான் எழுதியிருப்பது: பூதத்துக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை; அது ஆள் அல்ல, வர்க்கம். திரும்பவும் வாசித்தேன். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மே 7, வியாழன்

பால் திரிந்துவிட்டது. சாயங்காலம் நான் சப்பாத்தி உருட்ட, யாழினி வசனத் தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பூதம் அவள், குண்டா சிவா. நல்லபடியாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். "நாங்க வெந்தாத்தான் ஒனக்குச் சோறு. நாங்க வேகறது என்னைக்காச்சும் ஒனக்குத் தெரிஞ்சிருக்குதா?" அங்கே நின்றது.

சமையலறைக்கு வந்தார்.

"என்னைய நெனச்சு எழுதுனயா?"

"பழைய அமெரிக்கக் கதைங்க. நான் தமிழ்ல போட்டதே போன வருசம்."

"ஊருக்குள்ள அப்படியா பேசுவாங்க? எம் பொண்ணு பூதம், முருகேசன் பொண்ணு குண்டா. நல்லா இருக்குது."

"நாடகம் வேண்டாங்கறீங்களா?"

"வேற கதையா இல்ல உனக்கு?"

சப்பாத்தி கருகிவிட்டது. யாழினி கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே 9, சனி

ஒத்திகைக்கு பவித்ரா வரவில்லை. அவள் அம்மா போனில், "பாப்பாவுக்கு ஒடம்பு செரியில்லீங்க." பொய் என்று குரலே சொல்லிவிட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு கணபதி ஏரியாவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு. பவித்ரா சந்தில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். முருகேசன் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்கக்கா. பாப்பா நல்லாத்தேன் இருக்கறா. நாடகம் மட்டும் வேண்டாமுங்க."

"ஏன்?"

"நாங்க வெளிய உக்காந்திருக்கறோம். இந்த நேரத்துல பாப்பா அப்படிப் பேசுனா, நாந்தேன் சொல்லிக் குடுத்தேன்னு அண்ணன் நெனைப்பாருங்க. நாங்க கேக்கறதே கொஞ்சம். அதுவும் கெட்டுப்போயிரும்."

"என்ன கேக்கறீங்க?"

"பொகை இழுக்கற பேனு பொங்கலுக்கு நின்னதுங்க. அத ஓட வெக்கோணும். உச்சி வெயில்ல உலை மூட்டாம வெடியால, வெயிலுக்கு முன்ன மூட்டோணும். அவ்வளவுதானுங்க."

பொங்கலுக்கு. இது மே.

மோர் குடித்தேன். பவித்ரா என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்தப் பத்திரிகையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் யார் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தது, வாய் திறந்தால் அதன் அப்பனுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு வரி இல்லை.

மே 10, ஞாயிறு

சரியான தூக்கம் இல்லை. காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"பேன் நின்னு போனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா?"

"அப்பறம்?"

"அதக் கழட்டோணும்னா உலைய நிறுத்தோணும். உலை நின்னா, பம்பு கம்பெனிக்காரன் ஆர்டரை வேற ஆளுக்கு மாத்திப்போடுவான். எனக்கு மேல ஒரு பூதம் உக்காந்திருக்குது. அத எந்தக் கதையில எழுதுவே?"

கோபம் போகவில்லை.

"இப்ப உலை நின்னுதானுங்க கெடக்குது. இப்பக் கழட்டலாமில்ல?"

டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காபி பாதி அப்படியே.

மே 12, செவ்வாய்

காற்று கொஞ்சம் பரவாயில்லை. பவுண்டரிப் பேனின் மோட்டாரைக் கழற்றி, காயில் கம்பி சுற்றக் கொடுத்திருக்கிறாராம் சிவா. யாழினி சொல்லித்தான் தெரியும். எங்களுக்குள் பேச்சு சாப்பாடு, சாவி, கரண்ட் பில் அளவில்.

குண்டாவுக்கு வேறு பிள்ளை போடலாமா என்று நூலகத்தில் கேட்டார்கள். யாழினி: "பவி வந்தாத்தான் நான் பூதம்."

நிறுத்துவதா, நடத்துவதா. நடத்தினால் வீட்டில் இருக்கிறவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நிறுத்தினால் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களை. துவைத்த துணியையே மறுபடி அலசிக் காயப்போட்டேன். நெறியாளர் மறுபடி போன்.

மே 15, வெள்ளி

மழை வருகிற மாதிரி வந்து மருதமலைப் பக்கம் போய்விட்டது.

ஆட்கள் உள்ளே போயாச்சு. பேன் ஓடுகிறது. உலை இனி வெடியால. முருகேசன் மட்டும் வரவில்லை. அரசூர்ப் பக்கம் வேறு பவுண்டரியில் சேர்ந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது சிவா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

சாயங்காலம் முருகேசனே கூப்பிட்டார்.

"அக்கா, நாளைக்கு ஒத்திகை இருக்குதுங்களா? பாப்பா வாரேங்கறா."

"இங்க அவரு ஏதாச்சும் நெனைப்பாருன்னு சொன்னீங்களே?"

"இப்ப அவரு எம் மொதலாளி இல்லீங்களே. இனி பாப்பா என்ன பேசுனா என்னங்க?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை நாலு வரி பேச அப்பன் வேறு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்காக அவர் போகவில்லைதான்; ஒரு பேனுக்கு மரத்தடியில் உட்கார வேண்டியிருந்தது, அதனால் இருக்கும். ஆனாலும்.

மே 17, ஞாயிறு

நாடகம் முடிந்தது. நாற்காலி பற்றவில்லை. மைக் இரண்டு தரம் கத்தியது. கரண்டிப் பிள்ளைக்கு வாந்தி.

சிவா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். பாதியில் பார்க்கிறேன், கடைசிச் சுவரோரம் நிற்கிறார். அதே சுவரில் நாலு ஆள் தள்ளி முருகேசன். பவித்ரா அந்த வசனத்துக்கு வந்தாள். சிவா குனியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். யாழினி விறகு உடைக்கும்போது நிஜமாகவே அழுதாள். ஒத்திகையில் இல்லாதது.

வெளியே வந்து முருகேசனும் சிவாவும், "வாரேனுங்கண்ணா." "செரி." அவ்வளவுதான்.

வடவள்ளி வீட்டுக்குத் திரும்பும்போது காரில்:

"அந்தக் கதைய எழுதுனது யாரு?"

"பேர் போடலீங்க. ஒரு டீச்சரம்மாவா இருக்கும்னு நெனைக்கறேன்."

"அப்பறம் அவங்களுக்கு என்னாச்சு?"

"பத்திரிகை நின்னுபோச்சு. கொழந்தைகளக் கெடுக்குதுன்னு பேசியிருக்கறாங்க. அவங்க என்ன ஆனாங்கன்னு தேடிப் பாத்துட்டேன், தெரியல."

லாலி ரோடு சிக்னலில் வண்டி நின்றது. யாழினி பின்சீட்டில் தூங்கிவிட்டாள், முகமெல்லாம் மை.

"முருகேசனாட்ட அச்சுப் புடிக்க ஆள் கெடைக்காது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் போய்க் கூப்புட்டா வருவானா?"

தெரியலீங்க என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன். வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.