நம்மூட்டுக் கொழம்பு

ஐப்பசி 4, திங்கள்.

விடாத மழை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சுமைக்காரர்கள் ஏறவில்லை. கடையில் உப்பு கசிகிறது. மண்ணெண்ணெய் சுத்தமாக இல்லை. உலகச் சண்டை முடியும்வரை இப்படித்தானாம்.

மத்தியானம் மொச்சைக் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு, முன்னால் கடையில் சாமை அளந்துகொண்டிருந்தேன். நடுவில் வாசம் மாறியது. புளியின் பச்சை வாடை போய் மிளகு மேலே வந்தது. அளந்ததை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் இறக்கினேன். ருசி பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. சாமை கொண்டுவந்த மலைக்காரர் சிரித்தார். "கடைக்காரரு மூக்காலயே சமைக்கறாரு."

மகள் செல்லாயி தட்டை நக்கினாள். அவள் அம்மா காய்ச்சலோடு கீழே போன புதிதில் என் குழம்பைப் பார்த்து இதே பிள்ளை அழுத அழுகை! அடிப்பிடித்தது, கரித்தது, மிளகாய்க் காரத்தில் இருமல். அப்புறம்தான் மிளகாயை விட்டு மிளகுக்கு மாறினேன்.

மச்சான் சொல்லி அனுப்பியிருக்கிறார். தங்கச்சி பழனியம்மாளுக்குக் குணமாம். வியாழனன்று கூட்டிவருகிறார்.

ஐப்பசி 7, வியாழன்.

மழை விட்டது. டோலியில் வந்து இறங்கினாள். ஒன்றரை வருஷம். சேலம் ஆஸ்பத்திரி, அப்புறம் அவள் அம்மா வீடு. பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மட்டும் எப்போதாவது இறங்கிப் போய்ப் பார்த்துவருவேன். கொல்லிமலைக் காய்ச்சல் என்றாலே அந்த டாக்டர் தலையை ஆட்டுவார். முடி பாதி கொட்டிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. உயிரோடு வந்தாள், அது போதும்.

செல்லாயி உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா போகும்போது மூன்று வயசு.

"வா சாமி. அம்மா வந்திருக்கறேன் பாரு."

வரவில்லை. என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள், "இவிங்க எப்பப் போவாங்க?" பழனியம்மாள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

நான் வைத்த குழம்பைத்தான் போட்டேன்.

"ஆருங்க வெச்சது?"

"நாந்தான்."

சிரித்தாள். அப்புறம் சட்டிக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி 8, வெள்ளி.

வெயில். மச்சான் மலைமேலேயே பைல் நாட்டுக்குப் போயிருக்கிறார், மாடு பார்க்க.

விடிந்ததும் அடுப்படி அவள் கையில். கீழேயிருந்து கொண்டுவந்த மிளகாய், மல்லி, தேங்காய். அம்மிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கச் சுகமாக இருந்தது. இடையிடையே சத்தம் நின்றது. மூச்சு வாங்கியிருக்கும்.

பிறகு உள்ளே பேச்சு.

"இது நம்மூட்டுக் கொழம்பு இல்ல."

"இதுதாங் கண்ணு நம்மூட்டுக் கொழம்பு. நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்து இதேதான்."

"இல்ல. அப்பா வெக்கறதுதான் நம்மூட்டுது."

தட்டைத் தள்ளும் சத்தம். கையை ஓங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அடிக்காதீங்க," என்றாள். "அதுக்கென்ன தெரியும்."

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுடைய பழைய அதே குழம்பு. ஆரம்பத்தில் இதை நினைத்துத்தான் தடவித் தடவி வைத்தேன். இந்த ருசியை எப்போது விட்டேன், தெரியவில்லை. எனக்கும் நாக்கு எரிந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி 10, ஞாயிறு.

அவளுக்கு லேசாக உடம்பு சூடு. படுக்கச் சொல்லிவிட்டு நான் வைத்தேன். வேண்டுமென்றே ஒரு கை உப்பு கூட. பிள்ளை முகம் சுளிக்கட்டும், அம்மா பக்கம் திரும்பட்டும் என்று. முட்டாள்தனம். செல்லாயி தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றாள்.

"நல்லாருக்குதுங்கப்பா."

பழனியம்மாள் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தாள். "வேணும்னுதான போட்டீங்க?"

"கை தவறிப்போச்சு."

"எனக்காகப் புள்ள வாயில எதுக்குங்க உப்பக் கொட்டறீங்க."

தன் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்.

பனிமூட்டம், எதிர்வீடு தெரியவில்லை. சோப்பு தீர்ந்தது. துணி கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மச்சான் வந்துவிட்டார். நாளை கீழே இறங்குகிறார். அண்ணனும் தங்கையும் கொல்லையில். சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

"நானும் உங்ககூடவே வந்தர்றனுங்ண்ணா."

"என்ன பேசற அம்மிணி?"

"இங்க எல்லாம் நடக்குதுங்க. அடுப்பு எரியுது, புள்ள சிரிக்குது. நானில்லாம ஒண்ணும் நின்னு போயிரல."

அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை பிள்ளை பசிக்காமல் இருக்கட்டும் என்றுதானே கற்றுக்கொண்டேன். உள்ளே போய் இதைச் சொல்லியிருக்கலாம். போகாதே என்றாவது சொல்லியிருக்கலாம். கட்டிய மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 13, புதன்.

காலையில் மச்சான் கிளம்பினார். தனியாக. பாதை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு கடைக்குள் வந்தாள்.

"ஏனுங்க, கொழம்புக்கு மொளகு எப்பப் போடறீங்க?"

"கொதி அடங்கறப்ப."

"எத்தன?"

"கைக்கு வர்றதுதான்."

"எறக்கோணும்னு எப்படித் தெரியும்?"

"வாசம் மாறும்."

"எப்படி மாறும்?"

அடுப்படிக்குக் கூட்டிப்போனேன். அவளே வைத்தாள். நான் பின்னால் நின்றேன். வாசம் மாறியது. நான் வாயைத் திறக்குமுன் துணியை எடுத்துச் சட்டியை இறக்கிவிட்டாள். கீழேயிருந்து கொண்டுவந்த மிளகாயையும் மல்லியையும் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

செல்லாயி மளமளவென்று தின்றாள்.

"அப்பா வெச்சதா?"

"ஆமா கண்ணு."

இல்லையென்று சொல்ல வந்தேன். பழனியம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிள்ளை அவள் பக்கம் தட்டை நீட்டி இன்னும் கேட்டது. போட்டாள்.