பொம்பளை கிட்னிக்கு ஒரு சாட்சி

எனக்கு மூத்தவன் என்கிற உரிமையில் எனக்கு முன்பே கிளம்பிவிட்ட என் அன்புத் தேவா அண்ணனுக்கு,

எடிசன் நகரில் உன் வீட்டு டிரைவ்வேயில் இப்போதெல்லாம் கார்கள் நிற்பதில்லை. காலிங் பெல் அடித்தாலும் அண்ணி எழுந்து போவதில்லை. நீ இருந்தபோதே இந்த வழக்கம் வந்திருக்க வேண்டும்.

என் சிறுநீரகத்தை உனக்கு வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம், சாதாரணச் சளிகூட ஆபத்து, கொஞ்ச நாளைக்கு யாரும் வந்து பார்க்க வேண்டாம் என்றாள். நீ பயபக்தியோடு தலையாட்டினாய். நானும் நம்பினேன்.

அந்த வாரமே சாலமோன் அங்கிள் தலைமையில் நம் ஜெபக்குழு வந்து இறங்கியது. வேன் நிறைய விசுவாசம், ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய ட்ரே நிறையப் பிரியாணி. நான் தையல் போட்ட வயிற்றோடு பக்கத்து அறையில் படுத்திருந்தேன். சுவர் வழியே எல்லாம் கேட்டது. அண்ணி தயங்கித் தயங்கி மாஸ்க் டப்பாவை நீட்டியிருக்கிறாள்.

“மாஸ்க் போட்டுட்டு ஜெபம் பண்ணா அது என்னம்மா விசுவாசம்?” என்றார் அங்கிள். உடனே இருமினார். “ஒண்ணுமில்ல, போலன் அலர்ஜி.”

நீ என்ன செய்தாய்? “வீட்டுக்கு வந்தவங்கள வாசல்லயே நிக்க வைக்கச் சொல்றியா?” என்று அண்ணியை அதட்டினாய். அவர் உன் தலையில் கை வைத்து, முகத்துக்கு நேரே குனிந்து ஜெபித்ததை அண்ணி பிறகு சொன்னாள். இருமலுக்கு நடுவே ஜெபமா, ஜெபத்துக்கு நடுவே இருமலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்த மனிதருக்குக் கொடுத்த மரியாதையில் கொஞ்சத்தை உன் உயிருக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? இன்றும் உன்மேல் கோபம் வருகிறது, அண்ணா.

சில நாளில் காய்ச்சல். திரும்ப அதே ஆஸ்பத்திரி, அதே மாடி. உன்னைப் பார்த்ததும் அந்த நர்ஸின் முகம் வாடிவிட்டது. யாரெல்லாம் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேட்டாள். “ஃபேமிலி ஒன்லி” என்றாய். அங்கேயும் நீ அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நேரம் ஜெபக்குழுவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைக் காட்டிச் சிரித்தாயே. “பாரு ஸ்டெல்லா, உன் சரக்கு ஜம்முன்னு ஓடுது.” ஓடத்தான் செய்தது. நிமோனியாவில் நின்றுபோனது நுரையீரல். சிறுநீரகம் கடைசி நாள்வரை வேலை செய்தது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் கேட்கவேயில்லை, அவராகவே சொன்னார்.

உன் அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. கையில் தட்டோடு அங்கிள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். “தங்கச்சி கொடுத்ததுதான. பொம்பள கிட்னி தம்பி, ஆம்பள பாடிக்கு அது எப்படி செட் ஆகும்?” இவர் வங்கியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். சர்வர் விழுந்தால் காரணம் தெரியாமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டாராம். நீ விழுந்த காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தட்டுச் சோறு போதுமாயிருந்தது.

உன் மகள் ரீனா அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவள் தமிழ் பேசமாட்டாள், ஆனால் எல்லாம் புரியும். இந்த ஊர் அங்கிள்களுக்கு அது மட்டும் எப்போதும் மறந்துபோகிறது. அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் உடம்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்தபோது வலித்ததைவிட இது வலித்தது.

போன ஞாயிறு அங்கிள் வீட்டிலேயே உனக்கு நினைவு ஜெபக்கூட்டம். ரீனாவை நான்தான் அழைத்துப் போனேன். காரில் கேட்டேவிட்டாள்.

“அத்தை, வாஸ் இட் யுவர் கிட்னி?”

“நோ” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் செய்த நன்மைகளை வரிசையாக எழுந்து சொன்னார்கள். ஒருவருக்கு கிரீன் கார்டு, ஒருவருக்கு மன்ரோவில் புது வீடு. நானும் எழுந்தேன்.

“என் அண்ணனுக்கு நான் குடுத்த கிட்னி கடைசி நாள் வரைக்கும் வேலை செஞ்சது. அதுக்கு ஸ்தோத்திரம். அவன் போனது லங் இன்ஃபெக்‌ஷன்ல. அது எந்த வைரஸ், அதை யார் கொண்டுவந்தாங்கன்னு டாக்டர் சொல்லல. ஆனா யாரும் வர வேண்டாம்னு நர்ஸ் சொல்லியும் மாஸ்க் போடாம அவன் மூஞ்சிக்கு நேரா இருமினவர் இந்த வீட்டுக்காரர். பொம்பள கிட்னி யாரையும் சாகடிக்கல அங்கிள்.”

சாட்சி முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். அங்கிள் தன் கையிலிருந்த வேதாகமத்தை மூடித் திறந்து மூடினார். இருமல்கூட வரவில்லை அவருக்கு.

“ஆமென்” என்றாள் ரீனா.

அண்ணா, இனி யார் வீட்டுக்குப் புதுச் சிறுநீரகம் வந்தாலும் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன். அங்கிள் வரட்டும், வெளியே நின்று ஜெபிக்கட்டும். கதவு சாத்தியிருந்தாலும் கர்த்தருக்குக் கேட்கும். ரீனாவும் கூட வருகிறேன் என்கிறாள், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உன்னோடு மண்ணுக்குள் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாக,
உன் தங்கை ஸ்டெல்லா