வெங்கிட்டு பெயருக்கு நான் கொடுத்த குரல்

நவம்பர் 4, செவ்வாய்

நான் காவல் காக்கும் மிளகுக் கிடங்கைச் சினிமாக்காரர்கள் பத்து நாளைக்கு எடுத்திருக்கிறார்கள். வயதான பட்டாளக்காரர்கள் சிலர் பழைய போரை நினைத்து அழுது தீர்க்கும் கதையாம். உதவி இயக்குநர் ரமேஷ்பாபுவுக்கு நான் அடித்த சல்யூட்டில் அவன் கையிலிருந்த சாயா சிந்திவிட்டது. யார் என்று விசாரித்தான். இருபத்திரண்டு வருஷம் பட்டாளம், தொண்ணூற்றொன்பது போரில் மலைமேல் இருந்தேன் என்றேன். உடனே நடிக்கக் கூப்பிட்டுவிட்டான்.

ஐம்பத்தொரு வயதில் நடிகன். மனைவி சங்கரி, டயலாக் உண்டா என்று கேட்டாள். ஒரே வார்த்தைதான் என்றேன். "அது மதி, போதும். அதுக்கு மேல நீங்க பேசினா படம் ஓடாது" என்று மீன் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

என்னைப் பார்த்தால் பட்டாளக்காரன் மாதிரி இல்லையாம். மீசை ஒட்டினார்கள். அரிக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

ஒன்பது டேக்.

கிழவர்கள் வரிசையில் நிற்போம். ஒருவர் பழைய பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். என் முறை வந்ததும் "ஹாஜர் சாப்", அதாவது இருக்கிறேன் ஐயா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை. ரமேஷ்பாபு தோளில் கை போட்டு, கேமராவுக்குப் பயப்படாதீங்க சேட்டா என்றான். கேமராவுக்கா? ஏழாவது டேக்கில் மீசை பாதி தொங்கியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். கடைசியில் காய்கறிக் கடை சஜியை நிறுத்தினார்கள். பட்டாளத்தை டிவியில் மட்டும் பார்த்தவன். ஒரே டேக். கைதட்டு.

நவம்பர் 8, சனி

எழுதித் தொலைக்கிறேன்.

வெங்கிட்டு பக்கத்துப் பள்ளுருத்திக்காரன். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். ஆள் கணக்கு எடுக்கும்போது அவன் பீடிக்கு ஒதுங்கியிருந்தால் அவன் பெயருக்கு நான் குரல் கொடுப்பேன். என் பெயருக்கு அவன். எங்கள் திருட்டுத்தனம்.

அந்தப் போரில் ஒரு சாயங்காலம் ரோந்து முடிந்து திரும்பினோம். பனிமூட்டத்தில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. ஹவில்தார் பெயர் கூப்பிட்டார். வெங்கிட்டு பெயர் வந்ததும் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது — ஹாஜர் சாப். கணக்கு சரி. யாரும் தேடிப் போகவில்லை. விடிந்துதான் பார்த்தோம், சரிவுக்குக் கீழே. தொடையில் குண்டு. ரத்தம் போயே செத்திருக்கிறான்.

அவன் தங்கை பாண்டிச்செல்வியிடம் நான் சொன்னது வேறு. என் மடியில் உயிர் போச்சு, கடைசியாக உன் பேரைத்தான் சொன்னான். இதைச் சொல்லி இருபத்தாறு வருஷமாக அவள் வீட்டில் மீன்கறி சாப்பிடுகிறேன். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வீர உரை வேறு. த்தூ.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பள்ளுருத்தி பஸ் ஏறினேன். இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கித் திரும்பிவிட்டேன். சங்கரியிடம் பஸ் கிடைக்கவில்லை என்றேன். மாவீரன்.

நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பாண்டிச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். குரல் கொடுத்தது, மடியில் செத்தது பொய், கடைசி வார்த்தையும் பொய், எல்லாம் சொன்னேன்.

"அப்பவே தேடியிருந்தா பிழைச்சிருப்பானா?"

தெரியாது என்று தப்பித்திருக்கலாம். பிழைத்திருக்கலாம் என்றேன்.

"போங்கண்ணே" என்றாள். அண்ணே என்றுதான் சொன்னாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன், மானங்கெட்டவன்.

நவம்பர் 24, திங்கள்

பாண்டிச்செல்வியிடமிருந்து போன் இல்லை. ஏன் இருக்கப் போகிறது?

டிசம்பர் 7, ஞாயிறு

பாண்டிச்செல்வி வந்தாள். சங்கரி கொடுத்த சாயாவைத் தொடவில்லை.

"உங்கள மன்னிக்க வரல. அவன் அங்க எப்படி இருந்தான்னு சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல. நடந்தத மட்டும் சொல்லுங்க."

இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசியவனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வெங்கிட்டு என் சோப்பைத் திருடி, எனக்கே பாதி விலைக்கு விற்றதைச் சொன்னேன்.

"அது அவன்தான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

அடுத்த ஞாயிறும் வருவாளாம்.