மலையா, ரோடா

தம்பி,

இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல், உன் லாரியின் பின் ஆக்சிலிடம் போனேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவரோரமாகச் செங்கல் அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருக்கிறோம். வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டது. இதற்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

ஒரு பக்கத்துச் சக்கரக் குடத்தைக் கல் கொடுத்து அசையாமல் நிறுத்தினேன். நடுவில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே, கோடு எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணினேன். மெக்கானிக் காதர் பாய் தன் பட்டறையில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனதில் வைத்திருந்த வித்தை. மலை ஆக்சில் என்றால் ஏழு தடவைக்குப் பக்கத்தில் வரும். ஆறுகூட வரவில்லை. மூன்று முறை எண்ணினேன்.

இரண்டு முறை சோப்பு போட்டும் கியர் ஆயில் நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை. நீ சாப்பிட உட்காரும்போது வரும் நாற்றம். அதோடுதான் எழுதுகிறேன்.

பழைய ஆக்சில் ஒரே அறுவடைக்குள் இரண்டு தடவை உடைந்தது. இரண்டாவது தடவை வெள்ளிமலைக்கு மேலே, மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு இரண்டு நாள் நின்றாய். கிழங்கு கறுத்துப்போனால் ஆலையில் எடுக்க மாட்டார்கள் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். இறங்கி வந்த அன்றே கனமான ஆக்சில் வாங்கி மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாய். உளுந்தூர்பேட்டையில் பழைய லாரி உடைக்கும் இடத்துக்கு என்னையும் கூப்பிட்டாய். "நீ சும்மா வந்து நில்லுக்கா. படிச்சவங்க கூட இருந்தா ஏமாத்த மாட்டாங்க" என்றாய். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை. வந்தேன்.

அங்கே இரண்டு ஆக்சில்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. நீ ரோட்டைத் தாண்டி டீ வாங்கப் போயிருந்தாய். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "இன்னா வண்டிங்க உங்களுது? மலையா, ரோடா?"

மண் பாதையில் ஓடுகிற வண்டியா, போட்ட ரோட்டில் ஓடுகிற வண்டியா என்று கேட்கிறார் என நினைத்தேன். நம் மலைக்கு அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. "ரோடுதாங்க. இப்ப நல்லா தார் போட்டாச்சு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இரண்டில் ஒன்றைக் காட்டி, இதை ஏற்றுங்கள் என்று ஆட்களிடம் சொன்னார். நீ டீயோடு திரும்பி வந்து, அதன் பருமனைக் கையால் தட்டிப் பார்த்துச் சிரித்தாய். "அக்கா சொன்னாப்பலயே எடுத்து வச்சிட்டேன்" என்றார் அவர். நீ வேறு எதுவும் கேட்கவில்லை.

காதர் பாய் பட்டறையில் அதை மாட்டியபோது நான் கூடவே இருந்தேன். யூ போல்ட்டுகளை இறுக்கிவிட்டு நீ எழுந்து, "கெழவனுக்குப் புது இடுப்பு வச்சாச்சு பாய்" என்றாய். "இனிமே பொண்ணு பாக்கறதுதான் பாக்கி" என்றார் அவர். பிறகு, உள்ளே இருக்கும் பல்சக்கரக் கணக்கை ஒரு தடவை சுற்றி எண்ணிப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். மலையில் அறுவடை தொடங்கியிருந்தது. உனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவ வச்சிக்கினுதான் வாங்கனேன் பாய். சக்கரத்த மாட்டுங்க."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மற்ற இடங்களில் டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். நம் வண்டிகள் காலியாக ஏறி, பாரத்தோடு இறங்குகிறவை. அந்தக் கணக்கு இங்கே உதவாது என்பாய். "நமக்கு செகண்டு. செகண்டு போட்டுட்டா பிரேக்க தொடவே வாணாம், இன்ஜினே புடிச்சிக்கும்." பதினெட்டு வருடம் அப்படித்தான் இறங்கினாய். புது ஆக்சில் போட்ட பிறகு முதல் நான்கு நடை பாதி பாரம்தான் கிடைத்தது. அதே செகண்டில் வண்டி கொஞ்சம் வேகமாகப் போவதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாய். ஐந்தாவது நடையில் முழுப் பாரம். மூன்றாவது வளைவுக்கு மேலே பிரேக் சூடேறி விட்டுப்போயிற்று. பள்ளத்தின் பக்கம் விடாமல் மலையின் பக்கமே திருப்பி மோதினாய். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு பேரும் கை கால் முறிவோடு பிழைத்தார்கள்.

உன் கருமாதி அன்று டிரைவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபித் தட்டோடு அவர்கள் பின்னால் நின்றிருந்தேன். ரோட்டு வண்டியின் ஆக்சிலாக இருந்தால் செகண்டில் பிடிக்காதுதான், ஹைவேயில் வேகமாக ஓடுவதற்கென்று பல் வெட்டியது அது என்றார் ஒருவர். "இவன் மலைக்காரன். மலை ஆக்சில்தான வாங்கியிருப்பான். டீசல் மிச்சமாவும்னு ஆசப்பட்டு நியூட்ரல் அடிச்சிருக்கான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டம்ளர்களைக் கொடுத்து முடித்துவிட்டு உள்ளே போனேன்.

பிழைத்தவர்களில் ஒருவர், இன்ஜின் கடைசி வரைக்கும் கத்திக்கினு இருந்துச்சு என்று சொல்லிப் பார்த்தார். நியூட்ரலில் வருகிற வண்டியின் இன்ஜின் கத்தாது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நீ தாலி கட்டிய செல்வி உன் படத்துக்கு மாலை மாற்றும்போதெல்லாம், "நியூட்ரல்ல வராதன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன் அண்ணி" என்கிறாள். அழுகையைவிடக் கோபம்தான் அவளுக்கு அதிகம். அந்தக் கோபத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான். பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

இப்போது இந்த ஆக்சிலை வாங்க வெள்ளிமலையிலிருந்து பழனி வருகிறார். உன்னோடு ஒன்றாகக் கிழங்கு ஏற்றிய அதே பழனிதான். அவருடைய வண்டி உன்னுடையதைவிடப் பழையது. போன வாரம் வந்து ஆக்சிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செல்வி கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டாள். "அவன் கை பட்டதுங்க. நமக்கு ராசியாத்தான் இருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மலையில் ஓடிய வண்டியில் இருந்ததால் மலை ஆக்சில் என்றே அவரும் நம்புகிறார். நீயும் அப்படித்தான் நம்பினாய். இன்று பத்து மணிக்கு ஆட்களோடு வந்து ஏற்றிப் போகிறார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு சுலபமான வழி தெரிகிறது. சுற்றி எண்ணிப் பார்த்தேன், இது ரோட்டு ஆக்சில், மலைக்கு வேண்டாம் என்று மட்டும் பழனியிடம் சொல்லிவிடலாம். அவர் பிழைத்துக்கொள்வார். நானும் தப்பித்துக்கொள்வேன். அப்புறம் வாசலில் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். பார்த்து வாங்கத் தெரியாதவன் என்பார்கள். நியூட்ரல் போய் இது வரும். என் தவறு மறுபடியும் உன் தலையில்தான் போய் உட்காரும்.

படித்தவள் கூட இருந்தால் ஏமாற்ற மாட்டார்கள் என்றாய். அன்று யாரும் ஏமாற்றவில்லை, தம்பி. அவர் நேர்மையாகத்தான் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குத்தான் வரவில்லை. 'தம்பி டீ வாங்கப் போயிருக்கான், அவனைக் கேளுங்க' என்று சொல்லியிருந்தால் போதும்.

செல்வி எழுந்து வாசல் பெருக்கும் சத்தம் கேட்கிறது. பழனி வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்கிறேன். இதை மடித்து வைத்துவிட்டு முதலில் செல்வியிடம் போகப்போகிறேன். நீ கியரில்தான் வந்தாய் என்று சொல்வேன். உளுந்தூர்பேட்டையில் அந்தக் கேள்வியைக் கேட்டது உன்னிடம் அல்ல, என்னிடம் என்று சொல்வேன். அதன் பிறகு அவள் என்னை அண்ணி என்று கூப்பிடாமல் போனாலும் சரி.