திருப்பிப் போட்ட ரப்பர்

கோரோக்கா மருத்துவமனை,
மார்ச் 4

அன்புள்ள தம்பி கௌபாவுக்கு,

அக்கா எழுதுவது. உன் மச்சான் பிழைத்துக்கொண்டார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அவர் ஓட்டிய விமானம் மேலே ஏறின சற்று நேரத்தில் இன்ஜின் நின்று கிழங்குத் தோட்டத்தில் விழுந்ததாம். பெட்ரோல் டாங்கியில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதாம். பயணிகளும் காயத்தோடு தப்பினார்கள்.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அந்த விமானத்தைப் பழுது பார்க்கிற உன்னைத்தான் காணோம். அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வருகிறார்.

உன் அக்கா,
அகதா

மெண்டி,
மார்ச் 7

அன்புள்ள அக்கா,

வேலை தலைக்குமேல் கிடக்கிறது. இந்த வருஷ மழை அப்படி, யார் என்ன செய்ய முடியும்? லாரியில் பன்றி ஒன்று அனுப்பியிருக்கிறேன், நல்ல கொழுத்தது. மச்சானுக்குச் சமைத்துப் போடு.

அன்புத் தம்பி,
கௌபா

கோரோக்கா,
மார்ச் 15

தம்பி,

பன்றியை அறுக்கவில்லை. தொண்டையில் இறங்காது.

அதிகாரியிடம் இவர், “டாங்கித் தண்ணிய வடிச்சுப் பாக்க மறந்துட்டேன், தப்பு என்னோடதுதான்” என்று சொல்லிவிட்டார். பைலட் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன்.

“வடிச்சதுக்கப்புறம்தான்டி மழை கொட்டுச்சு. டாங்கி மூடி ரப்பர் வெடிச்சிருந்ததையும் விழுந்து கிடந்தப்பதான் பார்த்தேன். மச்சினன் பார்த்த வேலைல நான் குத்தம் சொல்றதா? ஏதோ அசந்துட்டான், விடு.”

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசுகிறது. என் பிறந்த வீட்டு மானத்தை என் புருஷன் தன் பிழைப்பைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்.

அசந்துதான் போனாயா? நீ பழுது பார்க்கிற மற்ற இரண்டு விமானங்களும் பறந்துகொண்டுதானே இருக்கின்றன?

அகதா

மெண்டி,
மார்ச் 21

அக்கா,

அசந்துபோகவில்லை. முதலாளி புது ரப்பர் வாங்கித் தரவில்லை. பறக்கவிடக் கூடாது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, வெடித்த ரப்பரையே அடிப்பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டேன். மூன்று விமானங்களிலும்.

உன் கடிதம் வந்தபோது அதில் ஒரு விமானம் கிளம்ப நின்றது. உள்ளே ஒரு நிறைமாதக்காரி. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். மூடிகளைக் கழற்றிக்கொண்டுபோய் அதிகாரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ சந்தைக்குப் போயிருந்தாய். மச்சானிடமும் சொன்னேன்.

“மத்த ரெண்டுலயுமா? நான் இங்க உனக்காகப் பொய் சொல்லிட்டுக் கிடந்தப்பவும் அது ஜனங்களை ஏத்திக்கிட்டுப் பறந்துச்சா?”

தலையாட்டினேன்.

உனக்குத் தெரியும், மச்சினன் பேரைச் சொல்லக்கூடாது என்கிற நம் ஊர் மரியாதையை உங்கள் கல்யாணத்திலிருந்து ஒருநாளும் மீறாத மனுஷர். “கௌபா, வெளிய போ” என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல், நீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன். அவர் வாயால் மறுபடி மச்சினன் என்று வரும்வரை எனக்கு எழுதாதே, அக்கா.

கௌபா